சிலேட்டு மலையில் ஒரு கேள்வி

இது நடந்தது முந்தின வருடம், ஆகஸ்ட் பாங்க் ஹொலிடே திங்கட்கிழமை லீவில். இடம், வடக்கு வேல்ஸில் கைவிடப்பட்டுக் கிடக்கும் ஒரு சிலேட்டுக் குவாரி. நாங்கள் லண்டன் ஈஸ்ட் ஹாம் ஆட்கள். எங்களுக்கும் அந்த மலைக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். அன்று காலை வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஹை ஸ்ட்ரீட்டில் ஒரு சாறிக்கடையில் வேலை. வாய் கொஞ்சம் நீளம் என்று வீட்டில் பெயர். என் மனுசன் அதற்கு நேர்மாறு, கேட்டால்தான் பேசுவார். இவர் செய்வது குசினிக்குக் கல் போடும் வேலை. அடுப்பையும் சிங்கையும் சுற்றிப் பளபளவென்று வெள்ளைக் கல்பலகை போடுகிறார்களே, குவார்ட்ஸ் வொர்க்டொப் என்று, அதை அளந்து, வெட்டி, பொருத்திக் கொடுக்கவேண்டும். பாரிஸில் இருந்து லண்டன் வந்த நாள் தொடங்கி இவருக்கு அதுதான் தொழில். முதலாளியும் நம்மவர்தான், ஜேர்மனியில் இருந்து வந்து பார்கிங் பக்கம் ஒரு வேர்க்‌ஷொப் போட்டவர்.

வேலையால் வரும்போது இவருடைய தலைமயிர், மீசை, புருவம் எல்லாம் வெள்ளையாக இருக்கும். இண்டைக்கும் கோயிலில முழு விபூதியோ என்று நான் கதவைத் திறந்துகொண்டே பகிடி பண்ணுவேன். அந்தத் தூள் கோதுமை மாவைவிட நைசு. ஒரு வெள்ளிக்கிழமை அதில் கொஞ்சம் எடுத்துப் புளியோடு சேர்த்துக் குத்துவிளக்கைத் தேய்த்துப் பார்த்தேன். விளக்கு தங்கம் மாதிரி மின்னியது. அதற்குப் பிறகு வேர்க்‌ஷொப்பில் இருந்து ஒரு பையில் அள்ளிக்கொண்டு வரச் சொல்லி, பழைய பால்மாத் தகர ரின்னில் போட்டுக் குசினி அலுமாரியில் வைத்துக்கொண்டேன். ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கும் என் தங்கைக்கும் அதில் ஒரு பங்கு போனது. விளக்கு மினுக்க இதைப்போல ஒரு சாமான் கடையில் கிடையாது என்று பெருமை வேறு அடித்திருக்கிறேன்.

அந்த வருடத் தொடக்கத்தில் இருந்தே இவருக்கு இருமல். காய்ந்த இருமல், சளி இல்லை. மாடிப்படி ஏறிவிட்டு மேலே கொஞ்ச நேரம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டதுதானே என்று விட்டுவிட்டோம். எங்கள் குடும்ப டாக்டர், ஜிபியிடம் போனதும் ஆஸ்துமா மாதிரித் தெரிகிறது என்று வாயில் வைத்து இழுக்கிற நீலப் பம்ப் ஒன்று தந்தார்கள். மறுபடி போனோம், இன்னொரு நிறத்தில் ஒரு பம்ப் கிடைத்தது. ஆனால் எனக்கு வியாதி என்னவென்று எப்போதோ தெரியும். தேத்தண்ணி! காலையில் எழும்பியதில் இருந்து படுக்கும்வரை கறுக்கக் கறுக்கச் சாயம் போட்டு வெறும் தேத்தண்ணி குடிக்கிற மனுசனுக்கு நெஞ்சு காயாமல் என்ன செய்யும்? மல்லி அவித்துக் கொடுத்தேன், கற்பூரவள்ளி கொடுத்தேன், மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன். மூன்றையும் குடித்துவிட்டு அதற்கு மேலே ஒரு தேத்தண்ணி போட்டுக் குடிப்பார். இதனால் வீட்டில் தினமும் எனக்கும் இவருக்கும் கொழுவல்.

அந்தப் பயணம் மகளின் ஏற்பாடு. யூனிவர்சிட்டியில் படிக்கிறவள், புதிதாக லைசென்ஸ் எடுத்திருந்தாள். லீவு வந்தால் மோர்டனில் மாமி வீடு, இல்லாவிட்டால் கோயில், இந்த முறையாவது ஒரு மலையைப் பார்ப்போம் என்று அடம்பிடித்தாள். சரியென்று புட்டு அவித்து, முட்டை பொரித்து, சம்பலும் கட்டிக்கொண்டு புறப்பட்டோம். இவர் தன் பங்குக்குப் பெரிய பிளாஸ்க் நிறையத் தேத்தண்ணி கொண்டுவந்தார். எம்-சிக்ஸ் மோட்டர்வே வரைக்கும் அந்தப் பிளாஸ்க்கை வைத்து நான் பேசிக்கொண்டே போனேன். மகள் கடைசியில் பாட்டைக் கூட்டி வைத்துவிட்டாள்.

குவாரிக்குப் போய் இறங்கினோம். ஒரு மலையை அப்படியே படிப்படியாக வெட்டி எடுத்திருக்கிறார்கள். கழித்துவிட்ட கல் மட்டுமே இன்னொரு மலை அளவுக்குக் குவிந்து கிடக்கிறது. எல்லாம் ஒரே கருநீலம். கூரை இல்லாத கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன, உள்ளே மரம் முளைத்திருக்கிறது, சுவர்களுக்கு நடுவே செம்மறி ஆடு படுத்திருக்கிறது. வெட்டின கல்லை வண்டியில் ஏற்றிக் கம்பியில் கட்டிக் கீழே இறக்கிய நீளமான சரிவுப் பாதை ஒன்று அப்படியே இருந்தது. அதில் ஏறித்தான் மேலே போகவேண்டும்.

அந்தப் பாதையில்தான் எனக்கு முதல் அதிர்ச்சி. சின்னப் பிள்ளைகள், பிறாமில் குழந்தையைத் தள்ளிக்கொண்டு வந்த தாய், கைத்தடி ஊன்றி வந்த ஒரு கிழவர் என்று எல்லோரும் எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். இவர் பத்தடி வைப்பதும் நிற்பதுமாக வந்தார். கல்யாணமான புதிதில் ஒரு முழுக் கல்பலகையின் ஒரு முனையைத் தனி ஆளாகத் தூக்கிய மனுசன் இவர். பாதி வழியில், கூரையில்லாத ஒரு வீட்டு வரிசைக்குப் பக்கத்தில், ஒரு கல்லில் அப்படியே இருந்துவிட்டார். இருமத் தொடங்கியவர் நிறுத்தவில்லை. உதடு நிறம் மாறியிருந்தது. எனக்குப் பயம் வந்தது. பயம் வந்தால் எனக்கு உடனே கோபமும் வந்துவிடும்.

"இஞ்சேருங்கோ, நான் சொன்னால் கேக்கிறேல்லை. இந்தத் தேத்தண்ணியை விட்டால் இருமல் தன்ரபாட்டில நிக்கும்."

அடுத்த கல்லில் ஒரு மனுசி நாயோடு இளைப்பாறிக்கொண்டிருந்தார். அந்த ஊர்க்காரர், என் வயதுதான் இருக்கும். எழுந்து வந்து, தண்ணீர் வேண்டுமா, உதவிக்கு யாரையாவது கூப்பிடவா என்று கேட்டார். நான் என்னுடைய இங்கிலிஷில், ஒன்றும் இல்லை, ஆஸ்துமாதான், அதோடு என் மனுசன் அளவுக்கு மிஞ்சித் தேத்தண்ணி குடிக்கிறவர், அதுதான் இருமல் என்று சிரித்துச் சமாளித்தேன்.

அந்த மனுசி சிரிக்கவில்லை. என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"எங்கள் குவாரி டாக்டரும் இதையேதான் சொன்னார்," என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த மனுசி எங்களுக்குப் பின்னால் இருந்த வீட்டு வரிசையைக் காட்டிக் கதைத்தார். அவருடைய பாட்டனார் இருந்த இடமாம் அது. தூரத்துக் கிராமங்களில் இருந்து வந்த ஆண்கள் திங்கட்கிழமை ஏறிவந்து சனிக்கிழமைதான் இறங்குவார்களாம். கிழமை முழுக்க ஒரு சின்ன அறைக்குள் பல பேர், கட்டிலைப் பங்குபோட்டுப் படுப்பு. இருமல் கொஞ்சம் அடங்கிய இவர் அந்த அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, கல்யாணத்துக்கு முதல் நாங்கள் பாரிஸில் இருந்த அறையும் இந்த அளவுதான் என்றார். லண்டன் வீட்டுக் கூரைகளுக்கெல்லாம் இந்தப் பக்கத்து மலைகளில் இருந்துதான் கல் போனதாம். கூரைக் கல்லின் அளவுகளுக்குச் சீமாட்டிகளின் பட்டங்களைத்தான் பெயராக வைத்திருந்தார்களாம், பெரிய அளவு பிரபுவின் மனைவி, சின்ன அளவு சாதாரணச் சீமாட்டி. ஈஸ்ட் ஹாமில் எங்கள் வீட்டுக் கூரையிலும் அதே கருநீலக் கல்தான். அதை யார் வெட்டினார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

மேலே தெரிந்த நீளக் கொட்டகையைக் காட்டினார். மெஷின் வந்த பிறகு அதற்குள்தான் கல்லை அறுத்தார்களாம். அறுக்கிற தூளில் பக்கத்தில் நிற்கிறவனின் முகம் தெரியாதாம். சில வருடங்களில் ஆண்கள் இருமத் தொடங்கினார்கள், பிறகு சரிவில் ஏறமுடியாமல் நின்று நின்று வந்தார்கள், பிறகு வரவில்லை. குவாரிக்கென்று ஒரு ஆஸ்பத்திரி இருந்தது. அதற்கு முதலாளிமார் சம்பளம் கொடுத்து வைத்த டாக்டர், கல்தூளால் உடம்புக்கு ஒரு கெடுதியும் இல்லை, நீங்கள் நாள் முழுக்க அடுப்பில் காய்ச்சிக் காய்ச்சிக் குடிக்கிற கறுப்புத் தேத்தண்ணிதான் கெடுக்கிறது என்று சொன்னாராம். அந்த மனுசியின் பாட்டனார் அதை நம்பித் தேத்தண்ணியை விட்டவர். விட்ட பிறகும் இருமி இருமித்தான் செத்தார்.

அன்று காலையில் லண்டனில் இருந்து அவ்வளவு தூரமும் நான் பேசிக்கொண்டு வந்த பேச்சை, எப்போதோ ஒரு டாக்டர் சம்பளம் வாங்கிக்கொண்டு பேசியிருக்கிறார். எனக்குச் சம்பளமும் இல்லை.

அப்போதுதான் அந்த மனுசி கேட்டார்: "உங்கள் கணவர் என்ன வேலை செய்கிறார்?"

எத்தனை தரம் ஜிபியிடம் போயிருப்போம். சிகரெட் குடிப்பீர்களா என்று கேட்டார்கள், வீட்டில் பூனை இருக்கிறதா என்று கேட்டார்கள், குடும்பத்தில் யாருக்காவது ஆஸ்துமா இருந்ததா என்று கேட்டார்கள். இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. சொல்லவேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. ஸ்டோன் என்றார் இவர். கிச்சன் வொர்க்டொப், குவார்ட்ஸ்.

தண்ணீர் விட்டு வெட்டுவீர்களா, காய்ந்தபடியா என்பது அடுத்த கேள்வி. அந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அந்த வித்தியாசம் சின்ன வயதிலேயே தெரியுமாம். இவர் ஒளிக்காமல் சொன்னார். மெஷினில் தண்ணீர் வரும், ஆனால் குளிர்காலத்தில் கை விறைக்கிறது என்று பூட்டிவிடுவார்கள். வீடுகளுக்குப் போய்ப் பைப்புக்கும் அடுப்புக்கும் ஓட்டை வெட்டும்போது தண்ணீரே விடுவதில்லை. புதுக் குசினி அலுமாரியெல்லாம் நனைந்தால் வீட்டுக்காரர் ஏசுவார்கள். சின்னக் கிரைண்டரைக் கையில் பிடித்து, மூக்குக்குக் கொரோனா காலத்து மாஸ்க் ஒன்றைப் போட்டுக்கொண்டு, கதவையும் சாத்திவிட்டு வெட்டுவார்கள். கதவைச் சாத்துவது, தூள் மற்ற அறைகளுக்குள் போகக்கூடாதென்று.

அந்த மனுசியின் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். நாயின் கயிற்றை விட்டுவிட்டு என் கையைப் பிடித்தார்.

"டாக்டரிடம் இருமல் என்று தொடங்காதீர்கள். கல் வெட்டுகிறவர் என்று தொடங்குங்கள். நெஞ்சை ஸ்கான் பண்ண எழுதித் தரும்வரை அந்த அறையை விட்டு வெளியே வராதீர்கள்."

அவ்வளவுதான். நாயைக் கூப்பிட்டுக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை நான். நாங்கள் மேலே ஏறவில்லை. புட்டுப் பார்சலும் பிரிக்கப்படவில்லை.

காரில் இவர் வழக்கத்துக்கு மாறாகக் கதைத்தார். அது பழைய காலம், அது வேறு கல், அவர்களுக்கு மாஸ்க்கே இருந்திருக்காது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். வழியில் மோட்டர்வேக் கடைகள் இருக்கும் சேர்விஸில் நிறுத்தியபோது மகள் போனை எடுத்துத் தேடினாள். வாசித்துக்கொண்டே போனவள் ஒரு இடத்தில் நிறுத்திவிட்டாள். சத்தமாக வாசி என்றேன்.

"அம்மா, நுரையீரலைக் கெடுக்கிற அந்தச் சாமான் சிலேட்டில இருக்கிறதைவிட குவார்ட்ஸில பல மடங்கு கூடவாம். அப்பா, பிளீஸ், நாளைக்கு வேலைக்குப் போகாதேங்கோ."

இவர் வெளியே லொறிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. பிளாஸ்க்கைத் திறந்து இவருக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து குசினி லைட்டைப் போட்டதும் அலுமாரியில் அந்தப் பால்மா ரின் தெரிந்தது. ஐயோ, நான் விளக்கு மினுக்கிய தூள்! துணியை உதறி, ரின்னைத் தட்டி, எத்தனை வெள்ளிக்கிழமை அதைக் கையால் அள்ளியிருப்பேன். பக்கத்தில் இருந்து மகள் எத்தனை நாள் படித்திருப்பாள். உடனே தங்கைக்குப் போன் எடுத்து, அந்தத் தூளைத் திறக்காமல், தட்டாமல், ஈரத் துணியில் சுற்றி வை என்று கத்தினேன். அவள் எனக்கு ஏதோ பேய் பிடித்துவிட்டது என்று பயந்து புருஷனை எழுப்பிவிட்டாள். அவளுக்கு விளங்கவைக்க வெகுநேரம் எடுத்தது. இவருடைய வேலை உடுப்பை இவ்வளவு காலமும் தோட்டத்துக் கதவடியில் நின்று உதறியது நான்தானே என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

ஜிபியிடம் அப்பொயின்ட்மென்ட் எடுப்பது எவ்வளவு பாடு என்று லண்டனில் இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ரிசெப்ஷனில் என்ன பிரச்சினை என்று கேட்டபோது, கல் வெட்டுகிறவர், மூச்செடுக்க ஏலாமல் இருக்கிறார் என்றேன். உள்ளே போனதும் டாக்டரிடமும் அதே வரிசையில் சொன்னேன். அதே டாக்டர்தான், நீலப் பம்ப் தந்தவர். கீபோர்டில் ஓடிக்கொண்டிருந்த அவருடைய விரல்கள் நின்றுவிட்டன. இதை ஏன் முதலே சொல்லவில்லை என்றார். நீங்கள் ஏன் கேட்கவில்லை என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் உடனே ஸ்கானுக்கு எழுதிக் கொடுத்தார்.

ஸ்கான் படத்தை ஆஸ்பத்திரியில் ஸ்பெஷலிஸ்ட் ஒருவர் கொம்பியூட்டரில் காட்டினார். கறுப்பாக இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளை வெள்ளையாகப் பொட்டுகள். ரவையைச் சிந்திவிட்டது போல இருந்தது. உள்ளே போன கல்தூள் அப்படியே இருக்கிறது என்றார். வெளியே எடுக்க வழி கிடையாது, மாற்ற மருந்தும் கிடையாது. இன்றோடு தூளை விட்டால் பெரும்பாலும் இந்த அளவில் நிற்கலாம், இன்னும் கொஞ்சக் காலம் வெட்டியிருந்தால் கதை வேறு என்றார். அந்தக் கொஞ்சக் காலம் எவ்வளவு என்று நான் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டார்.

இவர் வேலையை விட்டார். விட்டதோடு நிற்கவில்லை, கூட வேலை செய்தவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் எடுத்தார். கேட்டால்தான் பேசுகிற மனுசன், கேட்காமலே ஒவ்வொருவருடனும் மணிக்கணக்கில் கதைத்தார். முதலாளி கொதித்துப்போய் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். பெடியளைப் பயப்படுத்தி என் கடையைப் பூட்டப்போகிறாயா என்று சத்தம் போட்டார். நானும் விடவில்லை, வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். மனுசனைக் கொல்லப் பார்த்தவன் என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவர் பதிலுக்கு ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சொல் வரவில்லை, இருமல் வந்தது.

அதே இருமல். காய்ந்தது, சளி இல்லாதது, தொடங்கினால் நிற்காதது. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவர் போய் அவரைப் பிடித்து உள்ளே கொண்டுவந்து கதிரையில் இருத்தினார். இவ்வளவு நேரமும் ஏசிய நான் போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். இருமி முடித்ததும் அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நானும் பெடியளோட சேர்ந்துதானே இவ்வளவு காலமும் வெட்டினனான்," என்றார்.

அவரையும் ஸ்கானுக்குக் கூட்டிக்கொண்டு போனது இவர்தான். முதலாளியுடைய நுரையீரல் இவருடையதைவிட மோசம். இப்போது வீட்டுக்குள்ளேயே மூக்கில் ஒட்சிசன் குழாயோடு இருக்கிறார். தெரிந்துகொண்டு கெடுதி செய்த ஒரு ஆளைத் தேடிப்பிடித்துத் திட்டவேண்டும் என்று எனக்கு எவ்வளவோ ஆத்திரம் இருந்தது. அப்படி ஒருவர் எனக்குக் கிடைக்கவில்லை. அந்த வேர்க்‌ஷொப்பில் வெட்டியவர்களில் இன்னும் சிலருக்கும் அதே பொட்டுகள் இருப்பதாகத் தெரியவந்தது. அவர்களில் ஒருவருக்குக் கல்யாணம் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

மலை பார்க்கப் போன இடத்தில், நூறு வருடத்துக்கு முந்திய வியாதி ஒன்றின் கதையைக் கேட்டோம். அது லண்டனில், எங்கள் வீட்டுக்குள், என் பக்கத்தில் படுத்திருந்தது.

போன மாதம் மோர்டனில் மாமியின் மகன் புது வீடு குடிபுகுந்தார். பால் காய்ச்சி முடிந்ததும் பெண்கள் எல்லோரும் வழக்கம்போலக் குசினிக்குள் போய்விட்டோம். பளிச்சென்று வெள்ளைக் கல். ஆளுக்காள் தடவிப் பார்த்து, எங்கே வாங்கியது, கறை பிடிக்குமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். மாமியின் மருமகள் பெருமையாக, கல்லை இங்கேயே நின்றுதான் வெட்டிப் போட்டார்கள், தூள் தாங்க ஏலாமல் ஒரு கிழமை சட்டி பானை எல்லாம் கழுவினோம் என்றாள். இதை வெட்டினது யார், தண்ணீர் விட்டு வெட்டினாரா, அவருக்கு இருமல் இருந்ததா என்று கேட்டேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நல்ல நாளில் இது என்ன கேள்வி என்று மாமி முகத்தைச் சுளித்தார். நான் பொருட்படுத்தவில்லை. மருமகளிடம் அந்த ஆளின் நம்பரை வாங்கி, அங்கேயே நின்று போன் பண்ணினேன். மறுமுனையில் ஒரு இளம் குரல் ஹலோ சொல்லிவிட்டு, ஒரு நிமிஷம் அக்கா என்று போனைத் தள்ளிவைத்து இருமியது.

பெயர் தெரியாத ஒரு மனுசி மலையில் நின்று கேட்ட ஒரு கேள்வியால்தான் என் மனுசன் எனக்கு மிஞ்சினார், அதனால் யார் முகம் சுளித்தாலும் இனி எந்தப் புதுக் குசினியிலும் இந்தக் கல்லை வெட்டினது யார் என்று கேட்காமல் என்னால் வெளியே வர ஏலாது.